அனுமார் நெஞ்சும் அடமானப் பத்திரமும்

டில்லி கரோல் பாக் பக்கம் மெட்ரோவில் போகிறவர்களுக்கு 108 அடி அனுமார் தரிசனம் இலவசம். செவ்வாயும் சனியும் ஆரத்தி வேளையில் இயந்திரக் கைகள் அசைய, நெஞ்சு திறந்து உள்ளே ராமரும் சீதையும் தெரிவார்கள். அவர் காலடியில் இன்னொரு வழிபாடும் நடக்கிறது. மெட்ரோ தூணில் பசை காயாத நோட்டீஸ்: ‘வீட்டின் பேரில் கடன். சிபில் வேண்டாம். 24 மணி நேரத்தில் பணம்.’ போன் செய்தவர் தன் நெஞ்சைத் தானே கிழித்துக் காட்ட வேண்டும். உள்ளே ஆதார், பான், மூலப் பத்திரம், ஐந்து வெற்றுக் காசோலைகள் இருந்தால் அவர்தான் பக்தர்.

வங்கிக்குப் போவதுதானே என்கிறீர்களா? டில்லியில் வெறும் பவர் பத்திரத்தில் கைமாறிய வீடுகள் ஏராளம். அப்படி வாங்கினால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. வங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூண்காரர் டீ சொல்லி அனுப்புவார்.

முதல் கையெழுத்துக்கு டீ வரும். நாற்பதாவது பக்கத்தில் அது ஆறிப்போயிருக்கும். “பஸ், ஏக் அவுர் ஸைன், அண்ணாஜி” என்று ஏஜென்ட் விரலால் இடம் காட்டுவார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது அவமரியாதை. ஃபைல் சார்ஜ், இன்ஷூரன்ஸ் எல்லாம் கழித்து மிச்சம் கைக்கு வரும். வட்டி மட்டும் முழுத் தொகைக்கு.

இதெல்லாம் தூணில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களின் வேலை, டை கட்டியவர்கள் செய்வார்களா என்று நினைப்பவர்கள், ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29-இல் விட்ட சுற்றறிக்கையைப் படிக்கலாம். பணம் கைக்கு வருமுன்பே வட்டி ஓட விடுவது, மாதத்தின் நடுவில் கடன் கொடுத்துவிட்டு முழு மாத வட்டி வாங்குவது, ஒன்றிரண்டு தவணைகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மொத்தக் கடனுக்கும் வட்டி போடுவது. எல்லாம் அதிகாரிகளே சோதனையில் கண்டவை. நம்மூரில் இதற்குக் கந்துவட்டி என்று பெயர்; 2003-இல் சட்டமே போட்டோம். இங்கே இதன் பெயர் ‘நியாயமற்ற நடைமுறை’. பரிகாரம், அதிகம் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது. பர்ஸைத் திருப்பிக் கொடுத்தால் பிக்பாக்கெட்காரனையும் இப்படி வீட்டுக்கு அனுப்புவார்களா?

அதே ஆண்டு அக்டோபரில் அளவுமீறிய வட்டிக்காக ஆசீர்வாத், ஆரோஹன், டிஎம்ஐ, நவி என்ற நான்கு நிறுவனங்கள் புதுக் கடன் கொடுக்கத் தடை வந்தது. தீபாவளிக்கு முன் மூடிய கடை, பொங்கலுக்கு முன் திறந்துவிட்டது. திருந்திவிட்டார்களாம். தவணை தவறிய ஏழை இவ்வளவு சீக்கிரம் திருந்தியதாக எந்த வங்கியும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒண்டுக்குடித்தனம் பட்டது போதும் என்று நொய்டாவில் ஃபிளாட் பதிந்தவர்கள் கதை இன்னும் அழகு. “வீடு கைக்கு வரும்வரை தவணையை பில்டர் கட்டுவார்” என்றார்கள். வங்கி கடன் பணத்தை நேரே பில்டரிடம் கொடுத்தது. பில்டர் கட்டுவதை நிறுத்தினார். தவணையையும் சரி, கட்டடத்தையும் சரி. வங்கி தேடி வந்ததோ வாங்கியவரை! 2019 ஜூலையில்தான் தேசிய வீட்டுவசதி வங்கி இந்தத் திட்டத்தைக் கைவிடும்படி வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குச் சொன்னது. 2025 ஏப்ரலில், சூப்பர்டெக் மீதானது உட்பட 7 பூர்வாங்க விசாரணைகளுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலையில் 22 வழக்குகள் பதிய சிபிஐக்கு அனுமதி தந்தது. இதற்குள் பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டார்கள். வீடு இன்னும் தூண்களாகவே நிற்கிறது.

கடன் கொடுத்தவருக்கு 2002-இன் சர்ஃபேசி சட்டம் உண்டு. 60 நாள் நோட்டீஸ், பிறகு ஜப்தி. வழக்குப் போட வேண்டியதில்லை. வாங்கியவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாமா? 34-ஆவது பிரிவு கதவைச் சாத்திவிட்டது. அவர் நியாயம் கேட்க வேண்டிய இடத்தின் பெயரே ‘கடன் வசூல் தீர்ப்பாயம்’. ஆட்டுக்கு நியாயம் கசாப்புக் கடையில்! டில்லியில் அது நாடாளுமன்றத் தெருவில் இருக்கிறது. அதே தெருவில்தான் ரிசர்வ் வங்கியும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அழுகுரல் கேட்கவில்லை என்றால் காதில் கோளாறு இல்லை, மனத்தில்தான்.

நமக்கென்று ஒரு காகிதம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், வட்டியும் கட்டணமும் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று சொல்லும் முக்கிய விவர அறிக்கையை வங்கியும் நிதி நிறுவனமும் தந்தே ஆக வேண்டும், நமக்குப் புரியும் மொழியில். முதலில் அதைக் கேளுங்கள். தராதவர் கொடுக்கும் டீயைக்கூடத் தொடாதீர்கள்.