டிவி கேட்கிற கேள்வி

நேற்று ராத்திரி பத்தரைக்கு மாமியின் போன். "மக்கா, இந்த டிவி என்னைப் பாத்து ஆருன்னு கேக்குது."

பாறசாலைக்குப் பக்கத்தில் மாமி தனியாக இருக்கிறார். ஓணத்துக்கு வந்த மகன் சுவரை அடைக்கிற ஸ்மார்ட் டிவி ஒன்றை மாட்டினான். "அம்மைக்குக் கொஞ்சம் சிம்பிளாக்கிக் குடுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளையில் பஸ் மாறிப் போகிறவன் நான்.

  முதலில் ரிமோட்.

ரிமோட் இரண்டு. டிவிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று. இரண்டும் வாங்கிய பிளாஸ்டிக் உறையோடு, ரப்பர் பேண்டு போட்டு. (உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?) கேபிள் ரிமோட்டில் எண்ணினேன், 42 பட்டன். மாமிக்கு வேண்டியது ஐந்து. மற்ற 37-க்கும் மேலே மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டினேன். மறுநாளே போன்: "புண்ணு பட்ட பட்டனையெல்லாம் மெதுவாத்தான் அமுக்கினேன், படம் போச்சு." பிளாஸ்திரியை உரித்து, பழைய காலண்டர் அட்டையில் ஐந்து ஓட்டை போட்டுக் கட்டினேன். அட்டை ஒரு வரிசை கீழே நழுவ, சத்தம் கூட்டுகிற இடத்தில் மொழி மாற்றுகிற பட்டன் வந்து உட்கார்ந்தது. ஒரு வாரம் மாமி சீரியலை இந்தியில் பார்த்திருக்கிறார். மாமியார் பேசுவது எந்த மொழியிலும் விளங்கும் என்றார். ஆன் பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவப்போனேன். "இந்தப் பிராயத்திலயா?" 1985 ஜனவரி 1-ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, ஒரு குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. இப்போது 42.

சரி, வாயால் சொல்லட்டும் என்று மைக் பட்டனைக் காட்டினேன். அங்கே மாமியின் பேச்சு குறுக்கே வந்தது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு முதலான நாலு தாலுகாக்கள் தமிழகத்துப் பக்கம் வந்தன, மாமியின் ஊர் இருக்கிற நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு கிழித்தவர்கள் மாமியின் நாக்கைக் கேட்கவில்லை. அது தமிழில் புறப்பட்டு மலையாளத்தில் போய் இறங்கும். மாமி மைக்கில், "வார்த்த வை" என்றார். மலையாளத்தில் அது செய்தி. தமிழில் செட் பண்ணியிருந்த டிவியோ தேவ வார்த்தைப் பிரசங்கம் ஒன்றை எடுத்துப் போட்டது. மாமி பகவதி பக்தை. முக்கால் மணி நேரமும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசுறான். நாளைக்கு மழை உண்டான்னு சொல்லல்லியே" என்றார்.

நேற்றைய கேள்விக்கு வருகிறேன். யார் பார்க்கிறீர்கள் என்று டிவி கேட்டிருக்கிறது. கீழே மகன் பெயர், பேரன் பெயர். மாமி பெயர் இல்லை. "நான்தான் பாக்கேன், வேற ஆரு இருக்கா இங்கன்னு சத்தமாச் சொன்னேன் மக்கா. அதுக்குக் காது கேக்கல்ல."

மாமி பெயரைச் சேர்க்க மகனின் பாஸ்வேர்டு வேண்டுமாம். அவன் போனை எடுக்கவில்லை. நாளைக் காலை ஏழு மணி பஸ். பிளாஸ்திரி வாங்கிவிட்டேன், முழுச் சுருள்.