அரிசி இழுக்குத காசு

வாங்கு மருமவனே, தாராளமா வாங்கு. தியாகராய நகர்ல ஒருத்தன் 1818-ம் வருசத்துக் கம்பெனிக் காசு வச்சிருக்கான், ஒரு பக்கம் ராமர் பட்டாபிசேகம், மறுபக்கம் ‘ஒரு அணா’, உள்ள இரிடியம், அரிசிய இழுக்குது, வெளிநாட்டுக்காரன் கோடியில எடுப்பான், ரெண்டு லட்சம் முன்பணம் போதும்... மூச்சு விட்டுக்க. காப்பி ஆறுது.

எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, பட்டிக்காட்டான். உன் மவதான் போனைத் தட்டிச் சொன்னா: செம்பு 1085 டிகிரியில உருகிருமாம், இரிடியத்துக்கு 2400-க்கு மேல வேணுமாம். 1818-ல எந்த ஆசாரி எந்தத் துருத்திய ஊதி ரெண்டையும் கலந்தான்னு அவன்ட்ட கேளு. கும்பிடணும் அந்த ஆசாரிய. இரிடியத்துக்குக் காந்தமும் கெடையாது. அரிசியில இரும்புப்பொடி, காசுக்குள்ள காந்தம், எதிர்ல நீ. மூணும் சேந்தா இழுக்கத்தானே செய்யும்.

பூசையில வைக்கிற ராம டங்கா நெசந்தான். ஆனா அது சாமிக்கு, சந்தைக்கில்ல. கம்பெனிக்காரனாவது, அனுமார அச்சடிக்கவாவது! அவன் மதராசுக்குன்னு பர்மிங்காம்ல அடிச்ச 1808-ம் வருசத்துப் பத்துக் காசு, இருபது காசப் பாரு, சிங்கமும் கேடயமுமா அவன் முத்திரைதான் இருக்கும். அத ஏத்திட்டு வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809-ல இங்கிலாந்துக் கரையத் தாண்டும் முன்னயே முங்கிருச்சு. ஒரு அணா நாணயமோ வெள்ளைக்காரன் 1907-லதான் போட்டான், அதுவும் செம்பும் நிக்கலும் கலந்து. உன் ஆளு தொண்ணூறு வருசம் முந்திக்கிட்டான். கெட்டிக்காரன்.

உன் ஆல்பத்துல இருக்கே இலங்கைக் காப்பித் தோட்டத்து வில்லை, தோட்டத்துப் பேரு பொறிச்ச பித்தளை, அதுக்கு முன்னால இவன் காசு எம்மாத்திரம்? பழம் பறிச்ச நம்ம சனத்துக்குக் கூலிக்கு அடையாளமாக் குடுத்தது. வாரக் கடைசிவரைக்கும் மடியில முடிஞ்சு வச்சிருப்பாங்க. தேஞ்ச ஓரத்தத் தடவிப் பாத்தியா? நீ எங்க பாத்தே, புளி போட்டுத் தேச்சுட்டே! மயிலாப்பூர் மாடவீதிப் பாத்திரக்கடையில புதுசா வாங்கினது மாதிரி பளபளங்குது. அந்தக் கருப்பு ஏற நூத்தைம்பது வருசம் ஆச்சு, உனக்குப் பத்து நிமிசம். சேகரிக்கிறவன் அந்தக் கருப்புக்குத்தான் துட்டு குடுக்கான்.

இன்னொண்ணு. வழவழன்னு இருக்கே அந்த பிவிசி உறை, அத வீசு. நாளாக நாளாகப் பச்சையாப் பிசுபிசுன்னு ஒழுகும். உனக்கு வீடும் அடையாறு, ஜன்னலத் தொறந்தா உப்புக்காத்து. செம்புக்கு உப்பு எமன், களிம்பு கட்டினா அரிச்சுக்கிட்டே போவும். ஈய வில்லைய மரப்பெட்டியில வைக்காத, மரத்து ஆவியில வெள்ளப்பொடியா உதிந்துரும்.

கோயில் செருப்பு ஸ்டாண்டுல குடுத்த நம்பர் வில்லைய ஆல்பத்துல சொருகிட்டு வெறுங்காலோட வந்தியே, உன் பொண்டாட்டி சிரிச்சா. நான் சிரிக்கல. செருப்புப் போனாலும் அசல்லா வாங்கியிருக்கே!

சரி, அந்த ஆள சனிக்கெழம பனகல் பார்க்குக்கு வரச் சொல்லு. காசு அவன் கொண்டாரட்டும். அரிசி நம்ம வீட்டுப் பொன்னி, ஒரு படி நானே எடுத்துட்டு வாரேன்.