டிலீட் தட்டும் தளபதிக்கு

ஏலே பேராண்டி, இங்கன வா. நீ கம்ப்யூட்டர்ல நடத்துத போரைத் திண்ணையில இருந்தபடி பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆட்டத்துல நம்ம ராஜேந்திர சோழனுக்குன்னே ஒரு கதை 2022-ல வந்துட்டு, சந்தோசம். அந்த மனுசன் கடல் தாண்டிக் கடாரம் வரைக்கும் படை நடத்தினான். நீ ஒரு விறகுவெட்டியைத் தேடி மவுஸை உருட்டுத உருட்டுல மேசையே தேஞ்சிரும் போலிருக்கு.

வலது கை இம்புட்டுப் பாடுபடுதே, இடது கை என்ன செய்யுது? முறுக்குத் தட்டுல கெடக்கு. அதுக்கும் ஒரு சோலி குடுல.

மொதல்ல ‘எச்’. தட்டினா நகர மையம் கைக்கு வந்துரும். அடுத்து ‘க்யூ’ தட்டினா ஒரு குடியானவன் உருவாக ஆரம்பிச்சிருவான். செலவு 50 உணவு, 25 நொடி. நீ கோட்டை வாசல்ல சண்டையை வேடிக்கை பாத்துக்கிட்டு நகர மையத்தை நாலு நிமிசம் சும்மா போட்டா, ஒம்பது பேரு பொறக்காமலே போயிட்டான். எதிரி உன்னை ஜெயிக்கலல. அந்த ஒம்பது பேரு இல்லாமத்தான் நீ தோத்தே.

அடுத்தது புள்ளி விசை. தட்டினா வேலைவெட்டி இல்லாம நிக்க குடியானவன் முன்னால வந்து நிப்பான். காற்புள்ளி தட்டினா சும்மா நிக்க சிப்பாய். இப்படி ஒரு விசை நம்ம ஊருக்கும் இருந்திருந்தா, மொத தட்டுலயே உங்க அப்பன்தான் மாட்டியிருப்பான். ஷிப்டைப் பிடிச்சுக்கிட்டா வேலையை வரிசையாவும் சொல்லலாம்: வீட்டைக் கட்டு, பொறவு மரத்தை வெட்டுன்னு. சொன்னா செய்யுத ஆளு, உன்னைய மாதிரி இல்ல.

இப்பம் படைக்கு வருவோம். நீ என்ன பண்ணுதே? அத்தனை பேரையும் ஒரே பெட்டியா இழுத்து, எதிரி கோட்டை மேல ஒரு கிளிக். அங்கேருந்து வார அம்பைப் பந்தி பரிமாறுன மாதிரி எல்லாரும் பங்கு வச்சு வாங்குதான். ஈட்டிக்காரனைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலோட 1, வில்லாளிக்கு 2, ட்ரெபுசே எந்திரத்துக்கு 3 தட்டி வை. பொறவு எண்ணை மட்டும் தட்டினா அந்தக் கூட்டம் கைக்கு வரும். ரெண்டு தடவை தட்டினா திரையே அங்கன போய் நிக்கும். ட்ரெபுசே 16 கட்டம் எறியும். மேம்படுத்தாத கோட்டைக்கு எட்டுதது 8 கட்டம். தூரத்துல நின்னு இடிக்கத்தானே அதைச் செஞ்சிருக்கான்? நீ என்னடான்னா ஆளைக் குடுத்துக் கல்லு பேக்கே.

‘டிலீட்’ விசையைப் பத்தியும் சொல்லணும். அது எதிரியைக் கொல்லுத விசை இல்ல ராசா, தேர்ந்தெடுத்த உன் ஆளையே கொன்னுரும். நீயே கட்டுன சுவரை உடைச்சு வழி விடவும், ஆள்கணக்கு நெறஞ்சு போனா இடம் பண்ணவும் வச்சிருக்கான். நேத்து நீ அதைத் தட்டினப்பம் சுருண்டு விழுந்தது யாருன்னு நெனைச்சே? உன் சுருள்வாள் வீரன்தான்.

‘எச்’சும் புள்ளியும் இடது கைக்கு எட்டலையா? அமைப்புல ஹாட்கீ பக்கத்துக்குப் போயி எட்டுத எழுத்துக்கு மாத்திக்கோ. மாத்தினா சாமிகுத்தம் ஒண்ணும் வராது. ஒரே நாள்ல முழுப் பட்டியலையும் மனப்பாடம் பண்ணாதே. பரீட்சைக்கு நீ படிச்ச லட்சணம் எனக்குத் தெரியும். ஒரு விசை கைக்குப் படிஞ்ச பொறவு அடுத்ததைத் தொடு.

இதெல்லாம் பாக்காமலே தட்ட வந்தாத்தான் நெட்டுல அயலூர்க்காரன்கூட மோதணும். அந்த ஆட்டத்துல எழுதுத பெட்டியில 11-னு அடிச்சா ஒருத்தன் கெக்கலிகொட்டிச் சிரிக்க சத்தம் கேக்கும். நீ தோத்தாப் பரவாயில்லை. அந்தச் சிரிப்பு திண்ணை வரைக்கும் கேட்டா, மானம் போவுதது எனக்குத்தாம்ல.