கடைசல் பழகுநரும் மரக் கொள்முதலும்: மாத்தூரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மரம் கடையும் கலை குறித்து நூல்கள் உண்டு. அக்கலையைப் புதிதாகப் பழகுவோர் மரம் வாங்கப் போய் நிற்கும் நிலை போதிய அளவு ஆராயப்படவில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு. எல்லை: வடசென்னையில் கிழக்கே மணலி, மேற்கே மாதவரம், நடுவில் மாத்தூர். கருவிகள்: மேசைமேல் வைக்கும் கடைசல் எந்திரம், இரண்டு உளி, வீட்டாரின் பொறுமை. கருதுகோள்: கைத்திறன் குறையக் குறைய, கேட்கும் மரத்தின் விலை கூடும்.

நூற்பாவும் உரையும்

கைவரா முன்னர்க் கொண்மரம் எல்லாம்
சுருளாய்க் கழியும் தேக்கே ஆயினும்.

இதன் பொருள்: கை பழகுமுன் வாங்கும் மரமெல்லாம் சீவல் சுருளாகித் துடைப்பத்துக்கே போகும். 'ஆயினும்' என்புழி உம்மை உயர்வு சிறப்பு. விலை உயர்வு எனினும் அமையும்.

களஆய்வு

பழகுநர் முதலில் செல்லுமிடம் டிம்பர் டிப்போ. அங்கு நிகழும் உரையாடல் வருமாறு:

"இன்னா சார், வாசக்காலா, ஜன்னலா?"

"ரெண்டும் இல்லண்ணே. கிண்ணம்."

இதன்பின் வரும் மௌனம் தனி ஆய்வுக்குரியது.

அங்கே உருட்டுக்கட்டையின் கன அளவைக் கணக்கிடும் முறையும் நுட்பமானது. சுற்றளவை நூலால் அளந்து, நான்கால் வகுத்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவர். 1736இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் அட்டவணையாக அச்சிட்ட முறை இது. 4 அடி சுற்றும் 6 அடி நீளமும் உள்ள கட்டை இக்கணக்கில் 6 கன அடி. உண்மையில் ஏறத்தாழ 7.6. ஒன்றரைக் கன அடிக்கு மேல் இலவசம் எனப் பழகுநர் மகிழ்வார். பட்டை, வெடிப்பு, நடுக்குருத்து ஆகிய மூன்றும் அம்மகிழ்ச்சியைக் கழித்துக்கொள்ளும்.

துறைமுகக் கொடை

மாத்தூரார்க்குத் தேக்கு எதற்கு? துறைமுகம் வழியே கன்டெய்னர் சரக்கின் அடியில் வரும் பேலட்கள் உடைந்ததும் பழைய மரக்கடைக்கு வந்துவிடுகின்றன. பெரும்பாலும் பைன். அவற்றின்மேல் கோதுமைக்கதிர் முத்திரையும் நாட்டுக் குறியும் இருக்கும். 2002இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு விதிப்படி, பூச்சி கடல் கடக்காதிருக்க இட்ட குறி அது. 'எச்.டி.' என்றால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்பட்டது, வாங்கலாம். 'எம்.பி.' என்பது தொகுதி உறுப்பினரைக் குறிப்பதன்று; மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு ஏற்றியது; மரியாதையோடு விலகுக. ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்த பின்னரே எந்திரத்தில் ஏற்றுக. பேலட் பலகை கிண்ணத்துக்கு மெலிவு. அதன் அடிக்கட்டைகள் பம்பரத்துக்குப் போதும்.

புயல் தரும் மரம்

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அத்தகைய நாளில் விறகுத் தொட்டிக்குப் போகும் பூவரசை மறித்து வாங்குவோர் அறிவுடையோர். நாம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும் அதே மரத்தை ஹவாய்த் தீவினர் உணவுக் கிண்ணமாகக் குடைந்தனர். பச்சை மரம் உளிக்கு இளகும், காயும்போதுதான் பழிவாங்கும். வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. வட்டமாய்க் கடைந்தது நீள்வட்டமாகும். ஆகவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் வைத்து முதலில் கடைந்து, மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி கடைய வேண்டும். வெட்டுமுனைகளில் மெழுகு பூசினால் வெடிப்பு குறையும்.

கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் வெட்பாலையைக் கடைவதும் இங்கு நோக்கத்தக்கது: வெளிறிய, நெருக்கமான, ஆடம்பரமில்லாத மரம். செம்மரம் பற்றி ஒரே குறிப்பு: வேண்டாம். அதை நாடுவோர்க்குக் கடைசல் நூலைவிட வழக்கறிஞர் முகவரி உதவும்.

முடிவுகள்

1. கிண்ணமாகத் தொடங்கும் மரம் சிமிழாகி, சிமிழ் பம்பரமாகி முடியும். மூவகைப் பொருளுக்கும் விலை கொடுத்தவர் ஒருவரே.
2. இழந்தால் வலிக்காத மரமே பழகுநர்க்கு ஏற்ற மரம்.
3. ஒரே அளவில் இரண்டு பம்பரம் கடைந்து, இரண்டும் சுற்றக் காட்டியவர் தேக்கு வாங்கத் தகுதியுடையவர். மற்றவர்கள் டிப்போக்காரருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பழைய மரக்கடைக்கே திரும்புக.