மனம்விட்டுப் பேச வைப்பது எப்படி?

அமெரிக்காவில் பெரிய அறக்கட்டளை ஒன்றில் அதிகாரியா நீங்கள்? இனச் சமத்துவம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசக் கூட்டம் போடச் சொல்லிவிட்டார்களா? கவலையை விடுங்கள். பாதி உங்களுக்கே கைவந்திருக்கும்.

1. நாள் குறியுங்கள். கறுப்பினத்தவர் நடத்தும் அமைப்புகளின் விண்ணப்பங்கள் உங்கள் மேசையில் முடிவாகாமல் கிடக்கும் வாரம்தான் முகூர்த்தம். முடிவைச் சொல்லிவிட்டால் உண்மையைப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

2. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் கதவோரம் உட்காரட்டும். நான்கு மணிக்கு அவருக்கு விமானம்.

3. பெயர் போடாமல் எழுதச் சொல்லி ஒட்டுத்தாள் கொடுங்கள். உங்கள் ஆட்களுக்கு நீலம், மானியம் கேட்டு வந்தவர்களுக்கு மஞ்சள்.

4. யாராவது கணக்கெடுத்தால் பதறாதீர்கள். சமூகத் தொழில்முனைவோருக்கு நிதி தரும் எக்கோயிங் கிரீனும் ஆலோசனை நிறுவனமான பிரிட்ஜ்ஸ்பானும் 2020-ல் வெளியிட்ட அறிக்கையைத்தான் எடுப்பார்கள். எக்கோயிங் கிரீனுக்கு விண்ணப்பித்துத் தேறியவர்களை ஒப்பிட்டதில், தம் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய நிகரச் சொத்து வெள்ளையர் தலைமையிலான அமைப்புகளைவிடக் கறுப்பினத்தவர் தலைமையிலான அமைப்புகளிடம் 76 சதவீதம் குறைவாக இருந்தது. தலையை மெல்ல ஆட்டி, “இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!” என்று நன்றி சொல்லுங்கள். நன்றிக்குச் செலவில்லை.

5. கூடுதல் பணம் கேட்டால் சட்டம் பேசுங்கள். தனியார் அறக்கட்டளை ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 சதவீதத்தை அறப்பணிக்குக் கொடுத்தாக வேண்டும். அது குறைந்தபட்சம்தான், நீங்கள் உச்சவரம்பு என்றே படித்துக்கொள்ளுங்கள். இன்னொரு சௌகரியமும் உண்டு. அறப்பணிக்கான நியாயமான நிர்வாகச் செலவும் அந்த 5-க்குள் அடக்கம். ஆக, சமத்துவ ஆலோசகரின் கட்டணம், ஓட்டல் அரங்கு, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் கொடையாகவே எழுதலாம். இந்தக் கூட்டத்தைப் போட்டதாலேயே நீங்கள் கொடுத்தாகிவிட்டது!

6. அதற்கும் மசியாவிட்டால் அட்லாண்டாவைக் காட்டுங்கள். கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் கொடுத்துவந்தது அந்த ஊர் முதலீட்டு நிறுவனமான ஃபியர்லெஸ் ஃபண்ட். அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களைக் காக்க 1866-ல் வந்த சட்டத்தை வைத்தே அதன்மீது வழக்குப் போட்டார்கள். 2024-ல் அந்தத் திட்டம் நின்றுபோனது. உங்கள் மானியத்துக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லாவிட்டால் என்ன? “வக்கீல் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

7. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் எழுந்து, “ஐந்து வருடத்துக்குப் பணத்தைக் கொடுங்கள், நிபந்தனை வேண்டாம்” என்பார். விடாதீர்கள், அவர்தான் நீங்கள் தேடிய ஆள். அடுத்த கூட்டத்துக்கு முதன்மைப் பேச்சாளராக அழையுங்கள். பயணச் செலவு அவருடையது.