இட்லிக் குறியீடு

எந்த நாட்டில் ஹோட்டல் சாப்பாடு மலிவு, எந்த நாட்டில் மளிகை மலிவு என்று பயணிகளுக்குச் சொல்ல ஒரு தனி அறிவியலே இருக்கிறது. லண்டன் 'எகனாமிஸ்ட்' இதழ் 1986இலேயே பர்கர் விலையை வைத்து உலக நாணயங்களை எடைபோட்டுவிட்டது. நம்மூர் பேரிகை மட்டும் பின்தங்கலாமா? ஒரு பக்கம் ஓசூர், மறுபக்கம் மாலூர், நடுவே மாநில எல்லை. ஆராய்ச்சிக்கு இவ்வளவு தோதான இடம் ஜெனீவாவில்கூடக் கிடையாது.

நம்மூர் ஆய்வாளர் கறாரானவர். தமிழ்நாட்டு அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5. பெங்களூரு இந்திரா கேன்டீனில் காலைச் சிற்றுண்டி 5, மதியச் சாப்பாடு 10. ஆக, இங்கேயே உண்பதுதான் லாபம். ஆனால் நேரில் பார்க்காமல் எழுதுவது ஆய்வாகுமா? தினமும் காரை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் உறுதிசெய்கிறார். பெட்ரோல் கணக்கில் வராது. அது போக்குவரத்து; இது உணவு.

தக்காளியில்தான் அவர் மேதைமை முழுதாக வெளிப்பட்டது. பெங்களூரு சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி என்று கேள்விப்பட்டு, போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "நம்ம காய்தாங்க சார். முந்தாநேத்து லோடு ஏத்துனது."

ஆய்வாளர் அசரவில்லை. அட்டவணையில் 'இறக்குமதி' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார்.

அடுத்து வெங்காயம். காரில் ஒரு இடம் காலி. பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் வரலாம்.