பின்னால் ஏழரை

பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன், கரும்பைக்கூடக் கடிக்காமல் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இன்னா மாமா, எப்டி இருக்கு?"

படத்தில் ஒரு மலை சைக்கிள். புதுக் கம்பெனி, வாயில் நுழையாத பெயர். விலையைப் பார்த்தால் இரண்டு கறவை மாடு வாங்கலாம். ஆனால் வண்டியில் ஏதோ இடித்தது. முன் சக்கரம் பெரிசு, பின் சக்கரம் சிறிசு. படம் எடுத்தவன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான் போல என்று நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

"முன்னாடி இருபத்தொம்போது இஞ்ச் மாமா, பின்னாடி இருபத்தேழரை."

"ஏழரையா? காசு குடுத்தா வாங்குற? அது தானா வருமேடா."

அவன் சிரிக்கவில்லை. பெரிய சக்கரம் முன்னால் இருந்தால் கல்லும் வேரும் சுலபமாக ஏறி இறங்குமாம். சின்ன சக்கரம் பின்னால் இருந்தால் வளைவில் சட்டென்று திரும்புமாம். செங்குத்துச் சரிவில் பின்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குந்தும்போது டயரில் உரசாதாம். கடைசியாகச் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஒரே சங்கடம், எங்கள் பண்டசோழநல்லூரில் மலை கிடையாது. புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூன் முழுக்கத் தேடினாலும் கிடையாது. உயரம் என்றால் எங்களுக்கு ஏரிக்கரை. மலை என்று ஒன்றைக் கண்ணால் பார்க்க செஞ்சி வரைக்கும் போக வேண்டும். அங்கே இருப்பதற்கும் ராஜா தேசிங்கு காலத்திலிருந்து குதிரைதான் பொருத்தம்.

பையனைச் சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊரில் சக்கரம் சம்பந்தப்பட்ட உச்ச நீதிமன்றம் அதுதான். கடைக்கார அண்ணன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு படத்தைப் பார்த்தார்.

"பின்னாடி சக்கரத்துக்குக் காசு பத்தலையா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பெரிசு-சிறிசு விவகாரத்தில் மனிதன் குப்புற விழ ஆரம்பித்து நூற்றைம்பது வருஷம் ஆகிறது.

முதலில் தொடங்கி வைத்தவர்கள் நம் முன்னாள் முதலாளிகளான பிரெஞ்சுக்காரர்கள். 1860களில் பாரிசில் மிஷோ என்கிற அப்பனும் பிள்ளையும் முன் சக்கரத்திலேயே பெடலை மாட்டி, இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரத்தில் வண்டி விற்றார்கள். கல் பாவிய தெருவில் அது போன லட்சணத்தைப் பார்த்து இங்கிலீஷ்காரன் 'எலும்புகுலுக்கி' என்று பெயர் வைத்தான். பிரெஞ்சுக்காரர் சொந்த ஊரில்தான் இப்படி மிதித்து எலும்பைக் குலுக்கிக்கொண்டார். புதுச்சேரியில் அவருக்கு 'பூஸ்-பூஸ்' வண்டி இருந்தது. துரை சொகுசாக உட்கார்ந்து முன்னாலிருக்கும் பிடியைத் திருப்புவார். பின்னாலிருந்து நம் ஆள் தள்ளுவார். ஸ்டியரிங் பிரான்சுடையது, எஞ்சின் நம்முடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பிறகு வந்தது பென்னி-ஃபார்திங். இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1870 வாக்கில் முன் சக்கரத்தை ஊதிப் பெரிதாக்கினார். கிறுக்குத்தனம் இல்லை, கணக்குதான். அந்த வண்டிக்குச் செயின் கிடையாது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. வேகம் வேண்டுமா, சக்கரத்தைப் பெரிதாக்கு. எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதை முடிவு செய்தது ஓட்டுகிறவரின் கால் நீளம். ஐம்பது இஞ்ச் சக்கரம் என்றால் ஒரு சுற்றுக்கு நாலு மீட்டர் ஓடும். பின் சக்கரம் சும்மா துணைக்கு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. பெரிய பென்னிக் காசுக்குப் பக்கத்தில் சின்ன ஃபார்திங் காசை வைத்ததுபோல இருக்கிறதென்று அந்தப் பெயர். நம் பக்கம் யாராவது பெயர் வைத்திருந்தால் 'பணம்-துட்டு வண்டி' ஆகியிருக்கும்.

ஏறுவது ஒரு வித்தை. இறங்குவதற்கு வித்தையே தேவையில்லை. சின்னக் கல் ஒன்று முன் சக்கரத்தைத் தடுத்தால் போதும், ஆள் கைப்பிடிக்கு மேலே பறந்து தலையால் தரையைத் தொடுவார். அந்த வண்டியில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்கிற ஒருவர் 1884-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி உலகத்தையே சுற்றினார். ஆப்கானிஸ்தானில் விட மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடவில்லை மனிதர். கப்பலேறிக் கராச்சியில் இறங்கி, லாகூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கல்கத்தா வரைக்கும் 1886-ல் மிதித்தார். தெற்கே வரவில்லை. வந்திருந்தால் எங்கள் வண்டிப்பாதையில் மாட்டுவண்டிச் சக்கரம் அறுத்த பள்ளத்தில் அந்தச் சின்ன பின் சக்கரம் மாட்டியிருக்கும். உலகம் சுற்றிய கதை கரையாம்புத்தூரோடு முடிந்திருக்கும்.

பெரிய சக்கரத்தின் கதையை முடித்ததும் அதே குடும்பம்தான். ஜேம்ஸ் ஸ்டார்லியின் உடன்பிறந்தார் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் ரோவர் வண்டியைக் கொண்டுவந்தார். செயினைப் போட்டுப் பின் சக்கரத்தை ஓட்டினார். செயின் வந்துவிட்டால் வேகத்துக்குப் பெரிய சக்கரம் எதற்கு? ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. முதல் ரோவரில் முன் சக்கரம் கொஞ்சம் பெரிசுதான். 1888-ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்கிற மாட்டு வைத்தியர், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். சின்ன சக்கரமும் மெத்தென்று ஓடியது. இரண்டும் சமமாகி, நம் தாத்தாக்கள் ஓட்டிய உருவத்துக்கு வண்டி வந்து சேர்ந்தது. குடும்பத்தில் பெரியவர் செய்ததைச் சிறியவர் கவிழ்ப்பது அங்கேயும் உண்டு என்று அக்கா மகனிடம் சொன்னேன். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் தாத்தாவிடம் இருந்தது ஹெர்குலிஸ். 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செய்த டி.ஐ. கம்பெனியின் வண்டி. எங்கள் பக்கம் பிரெஞ்சு நிலமும் இந்திய நிலமும் பல்லாங்குழிபோல மாறி மாறிக் கிடக்கும். 1954-ல் விடுதலை வரும்வரை வரப்பு தாண்டினால் நாடு தாண்டியதாகக் கணக்கு. பாட்டி வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோன தாத்தா வாய்க்கால் மதகில் நின்று பீடி பற்றவைப்பாராம். அப்போது முன் சக்கரம் இந்தியாவில், பின் சக்கரம் பிரான்சில். இரண்டு சக்கரமும் வேறு வேறு என்றால் இதையல்லவா சொல்ல வேண்டும்? 1954 மார்ச் 31-ல் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியது, நவம்பர் 1-ல் புதுச்சேரி முழுக்கக் கைமாறியது. தாத்தாவின் பின் சக்கரமும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது மலை சைக்கிளுக்கு வருவோம். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் தலைமுடி வளர்த்த சில இளைஞர்கள், பழைய ஷ்வின் வண்டிகளைக் குப்பையிலிருந்து பொறுக்கி மலை உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து உருண்டார்கள். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான். ஒரு தடவை இறங்கினால் பிரேக் சூட்டில் ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தச் சரிவுக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அந்தப் பழைய வண்டிகள் 26 இஞ்ச் டயர் போட்டவை என்பதால் மலை சைக்கிள் என்றாலே 26 என்றாகிவிட்டது. ஆராய்ச்சி ஒன்றுமில்லை, குப்பையில் கிடைத்த அளவு.

அதற்குப் பிறகு 29 வந்தது. 26 இருந்த வீட்டிலெல்லாம் அழுகை. அடுத்து இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லி 27.5 வந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்றார்கள். அது பிரெஞ்சுக்காரர்களின் பழைய '650பி' அளவு. ஊர் சுற்றுகிறவர்கள் அங்கே பல காலமாக மிதித்தது. நடுவிலாவது இருக்கிறதா? 26-ன் ரிம்மில் டயர் உட்காரும் வட்டம் 559 மில்லிமீட்டர், 29-க்கு 622, ஏழரைக்கு 584. 26-லிருந்து 25 தள்ளி, 29-லிருந்து 38 தள்ளி. பாகப்பிரிவினையில் இப்படி நடுவரப்பு போட்டால் எங்கள் ஊரில் வெட்டுக்குத்து நடக்கும்.

அடுத்தது இரண்டையும் சேர்த்து ஒரே வண்டியில் மாட்டுவது. மோட்டோகிராஸ் பைக்கில் முன்னால் 21, பின்னால் 19 என்று எப்போதோ வந்த யோசனைதான். சைக்கிளிலும் ஸ்பெஷலைஸ்டு 'பிக் ஹிட்'டில் 26-க்குப் பின்னால் 24 மாட்டிப் பார்த்தது. டிரெக் கம்பெனி 29-க்குப் பின்னால் 26 மாட்டியது. பெரிதாக ஓடவில்லை. பந்தய விதியும் இரண்டு சக்கரமும் சமமாக இருக்க வேண்டும் என்றது. 2019-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த விதியை மலைப் பந்தயத்துக்குத் தளர்த்தியது. அதே வருஷம் பிரெஞ்சுக்காரர் லோயிக் புருனி ஸ்லோவேனியாவின் மரிபோரில் இந்தப் பெரிசு-சிறிசு வண்டியில் உலகக் கோப்பைச் சுற்று ஒன்றை வென்றார். அன்றிலிருந்து எல்லாக் கம்பெனிக்கும் அருள் வந்துவிட்டது. பெயர் 'மல்லட்'. முன்னால் குட்டையாக வெட்டிப் பின்னால் நீளமாக விட்ட முடி அலங்காரத்தின் பெயராம். ஆனால் வண்டியில் முன்னால்தான் பெரிசு. புதுச்சேரி மீன் மார்க்கெட்டில் மல்லட் என்றால் மடவை. அது குழம்புக்கு நன்றாக இருக்கும்.

நாங்கள் மாறி மாறிச் சொன்ன இதையெல்லாம் கடைக்கார அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து, கொக்கியில் தொங்கிய புது டயர் ஒன்றை இறக்கி, பக்கவாட்டுத் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். பால்காரர் வண்டிக்குப் போடுகிற 28-க்கு ஒன்றரை. எழுத்துக்குப் பக்கத்திலேயே பொடியாக 40-635 என்று அச்சு.

"தம்பி, உன் இருபத்தொம்போதுக்கு ரிம்மு எவ்ளோன்னு சொன்ன?"

"622."

"இது 635. உன் இருபத்தொம்போதைவிட எங்க இருபத்தெட்டு பதிமூணு மில்லிமீட்டர் பெருசு."

பையன் டயரைத் தடவித் தடவிப் பார்த்தான். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: டயரின் பருமனையும் சேர்த்தால் அவன் சக்கரம்தான் இரண்டு சென்டிமீட்டர் போல உயரம். அதையும் சொன்னான். "அது டயரோட கொழுப்பு" என்று தள்ளுபடி செய்தார் அண்ணன்.

பையனும் சும்மா விடவில்லை. "டிராக்டருக்கு மட்டும் சக்கரம் சமமாவா இருக்கு?"

"டிராக்டருல பின் சக்கரம்தான் வண்டியை இழுக்குது, அதனால அது பெருசு. முன்னது வழி காட்றதோட சரி, அதனால சின்னது. உன் வண்டியில செயின் எங்க இருக்கு? பின்னாடி. வேலை செய்யறவன் சின்னவன், வழி காட்றவன் பெரியவனா?"

எனக்கு பூஸ்-பூஸ் வண்டித் துரை ஞாபகம் வந்தார்.

"அப்ப புல்லட்டு? முன்னாடி பத்தொம்போது, பின்னாடி பதினெட்டு. ஹிமாலயனுல இருபத்தொண்ணு, பதினேழு."

"அதுக்கு இஞ்சின் இருக்குப்பா. உனக்கு முட்டிதானே இருக்கு."

சொல்லிவிட்டு அண்ணன் மறுபடி தொட்டியில் டியூபை அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் குச்சியால் குறி வைத்துக்கொண்டே, நிமிராமல், கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"பாரம் பின்னாடிதான். பின் டயருதான் மொதல்ல தேயும். அப்ப முன் டயரைக் கழட்டிப் பின்னாடி போட்டு, புதுசை முன்னாடி மாட்டுவோம். இதுல எப்டி மாத்துவ?"

பையன் பதில் சொல்லவில்லை. கம்பெனியின் பக்கத்தைக் கீழே வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அங்கேயும் இல்லை போலிருக்கிறது.

அன்று ராத்திரியே வண்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டான் என்பது வேறு விஷயம். அடுத்த பொங்கலுக்கு அதில் ஏரிக்கரையில் ஏறி இறங்கிக் காட்டுவானாம். நீங்களும் வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டி வந்தால் மட்டும் இரண்டு அளவிலும் ஒவ்வொரு டியூப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பது 28-க்கு ஒன்றரை மட்டும்தான். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை அண்ணன் தூங்குவார்.